போனை எடுக்காத நூற்றுப் பதினெட்டு பேர்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பத்தாதக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்தாறு வருடமாக, ஆராய்ச்சி செய்கிறேன் என்று தாளைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்கு வந்த ஒவ்வொரு டாக்டரிடமும் அவள் முதலில் சொன்ன சொல் அது. "முப்பது பேருக்குக் குடுத்துப் பார்த்தேன், மருந்து நல்லா வேலை செய்யுது." "பத்தாது." "அறுபதுன்னா?" "பத்தாது டாக்டர்." கடல் தண்ணியையே கொண்டுவந்து கொட்டினாலும் பத்தாது என்பாள் என்று சின்ன டாக்டர்கள் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. "எந்தக் கரையில அள்ளின தண்ணின்னு முதல்ல கேட்பேன்" என்றாள், டீயை ஊதிக்கொண்டே.

வேலை புள்ளியியல். டாக்டர்கள் வைத்தியம் பார்ப்பார்கள். அந்த வைத்தியம் உண்மையிலேயே பலித்ததா, இல்லை காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா என்று பார்த்துச் சொல்வது இவள். அறை இரண்டாவது மாடியில், லிப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில். லிப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் மேஜையில் பேனா உருளும். ஜன்னலைத் திறந்தால் துணி வெளுக்கும் கூடத்தின் ஆவி முகத்தில் அடிக்கும். வருகிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி, அதற்கு ஒரு கால் குட்டை. சரிசெய்யச் சொல்லி யாராவது கேட்டால், "ரொம்ப நேரம் உட்காருவாங்க, வேணாம்" என்பாள். வாய் அப்படி. மனசு அப்படியில்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான்.

ஒருவர் அவள் கணவர். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கற்றுக்கொள்ள வருகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்க "கிளச்சு! கிளச்சு!" என்று கத்துவதால் தெருவே அவரைக் கிளச்சு என்றுதான் கூப்பிட்டது. கத்துவதெல்லாம் காரில்தான், வீட்டுக்கு வந்தால் பூனை. இன்னொருவர் இருதய வார்டின் பெரிய சிஸ்டர். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். அடியே, போடி என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம்.

பெரிய சிஸ்டருக்கு ஒரே கவலை, காரிடார். வார்டில் நாற்பது கட்டில். நோயாளிகள் அறுபதுக்குக் குறைந்த நாளே கிடையாது. மிச்சப் பேர் காரிடாரில், தள்ளுவண்டியிலும் தரையிலும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த மனிதர் செருப்புக் கால்களுக்கு நடுவில் படுத்திருப்பார். "ஊசி போடக் குனிஞ்சா பின்னாடி வர்றவன் முட்டித் தள்ளுறான்டி" என்பாள் சிஸ்டர். சொல்லும்போது சிரிப்பாள். சாப்பாட்டு டப்பாவை மூடும்போது கண் கலங்கியிருக்கும்.

இந்தக் காரிடாருக்கு ஒரு வழி வந்தது. தூர தேசத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரு ஸ்கோர் கண்டுபிடித்திருந்தார்கள். எட்டுக் கேள்வி. வயது என்ன, இருதயம் எவ்வளவு பலமாக அடிக்கிறது, சிறுநீரகம் எப்படி, இப்படி எட்டு. பதிலைப் போட்டால் ஒரு எண் வரும். இவர் வீட்டுக்குப் போனபின் முப்பது நாளுக்குள் மறுபடி உடம்பு மோசமாகிப் படுக்கையில் விழவோ, சாகவோ நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அந்த எண் சொல்லும். எண் மூன்றுக்குக் கீழே இருப்பவரை ஐந்தாம் நாளுக்குப் பதில் மூன்றாம் நாளே அனுப்பிவிடலாம், கட்டில் காலியாகும். ஆனால் அங்கே பலித்தது இங்கே பலிக்குமா? அதைச் சோதிக்க எத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்வி வந்ததும் பெரிய டாக்டர் பத்தாதக்காவைக் கூப்பிட்டார்.

"முன்னூறு பேர் போதும்மா. அஞ்சு மாசத்துல முடிச்சிடலாம்."

"பத்தாது டாக்டர்."

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சும்மாவா சொன்னாங்க?"

"அந்தப் பானையில ஒரே அரிசி, ஒரே தண்ணி, ஒரே அடுப்பு. உங்க வார்டுல ரெண்டு பேர் ஒரே அரிசியா இருந்தா சொல்லுங்க, ஒருத்தரைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை, பேனாவை எடுத்து அவர் மேஜைத் தாளிலேயே எழுத ஆரம்பித்தாள். "அந்த ஸ்கோர் கணக்குப்படி பார்த்தா முன்னூறு பேர்ல திரும்ப விழப்போறவங்க இருபத்தி நாலு பேர் இருப்பாங்க. ஸ்கோர் சரியா தப்பான்னு சொல்லப்போறது அந்த இருபத்தி நாலு பேர்தான். நல்லா இருக்கிறவங்க ஆயிரம் பேர் இருந்தாலும் அவங்க பாதிக் கதையைத்தான் சொல்வாங்க. இருபத்தி நாலை வச்சு நூத்துக்கு எட்டுன்னு நான் சொன்னா, அது அஞ்சாவும் இருக்கலாம், பன்னெண்டாவும் இருக்கலாம். நடுவுல ஏழு பேர் இருக்காங்க டாக்டர். ஏழு வீடு."

"சரி, எத்தனை வேணும்?"

"விழுறவங்க நூறு பேராவது வேணும். அப்படின்னா மொத்தம் ஆயிரத்து முன்னூறு. ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் ஸ்கோரைப் பார்த்து யாரையும் அனுப்பக் கூடாது. எல்லாரும் அஞ்சு நாள்."

பெரிய சிஸ்டர் அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "அப்போ நூறு பேருக்குக் கெட்டது நடக்கிற வரைக்கும் என் காரிடார் அப்படியே கிடக்கணும்ங்கிற" என்றாள்.

"நடக்கிறது எப்படியும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. நாம எண்ணத்தான் போறோம்" என்றாள் பத்தாதக்கா. சொல்லி முடித்ததும் அவளுக்கே அது கல்நெஞ்சக்காரி பேச்சாகப் பட்டது. ஆனாலும் எண்ணை மாற்றவில்லை.

ஆயிரத்து முன்னூறு என்றே முடிவாயிற்று. பதினாலு பக்கத்துக்குத் திட்டம் எழுதினாள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படிவம். வீட்டுக்குப் போய் முப்பதாம் நாள் வார்டிலிருந்து போன் போகும்: எப்படி இருக்கீங்க, மறுபடி எங்கேயாவது அட்மிட் ஆனீங்களா? பதில் படிவத்தில் ஏறும். இரண்டு வருடம் இப்படி ஓடியது. காரிடாரில் மக்கள் படுத்துக் கிடந்தார்கள். பெரிய சிஸ்டர் குனிந்து ஊசி போட்டாள், முட்டு வாங்கினாள், மதியம் வந்து, "எத்தனை ஆச்சுடி?" என்று கேட்டாள். ஒருமுறைகூட "சீக்கிரம் முடி" என்று சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் பத்தாதக்காவுக்குப் பிற்பாடு தாங்கவில்லை.

ஆயிரத்து முன்னூறாவது படிவம் முடிந்து கூட்டிப் பார்த்தாள். ஸ்கோர் சொன்னபடி நூற்று நாலு பேர் விழுந்திருக்க வேண்டும். விழுந்தவர்கள் அறுபத்தாறு பேர்தான்! பெரிய டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நம்ம ஆளுங்க கெட்டிம்மா! ஸ்கோர் சும்மா பயமுறுத்துது." அப்படியானால் எண் மூன்றுக்குக் கீழே இருப்பவர்களை மட்டும் ஏன் அனுப்ப வேண்டும்? ஏழு வரைக்கும் அனுப்பலாமே. மூன்றிலிருந்து ஏழு வரை உள்ள அந்த நடு வகுப்பில்தான் கூட்டமே. அவர்களும் மூன்றாம் நாள் போய்விட்டால் காரிடாரில் ஒரு பாய்கூட இருக்காது. திங்கட்கிழமை கையெழுத்து என்று முடிவாயிற்று. பெரிய சிஸ்டர் அன்று இரண்டு டப்பா கொண்டுவந்தாள், ஒன்றில் முழுக்க இனிப்பு.

பத்தாதக்காவும் தின்றாள். உள்ளே எங்கேயோ ஏதோ உறுத்தியது. நல்ல செய்தி வந்தால் சந்தேகப்படுவது அவள் தொழில் புத்தி என்று சொல்லி அதை அடக்கினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஓர் அம்மா அறை வாசலில் வந்து நின்றாள். அறுபது வயதிருக்கும், கையில் துணிப்பை. பைக்குள் பிரஷர் மெஷின். வீட்டுக்குப் போகிறவர்களுக்கு வார்டில் இரவல் கொடுப்பது, ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மெஷினில் ஒட்டியிருந்த ஆராய்ச்சி எண்ணைப் பார்த்துவிட்டு ஸ்டோர்காரர் இங்கே அனுப்பியிருந்தார்.

"ஒரு வருஷம் ஆயிடுச்சும்மா. ரொம்பத் தாமதம். மன்னிச்சிடுங்க" என்றாள் அந்த அம்மா.

"அதனால என்ன, உட்காருங்க. பார்த்து, நாற்காலி ஆடும்." பத்தாதக்கா எண்ணைப் பார்த்துப் படிவத்தை உருவினாள். முப்பதாம் நாள் என்ற கட்டத்தில் 'நலம்' என்று இருந்தது. மெஷின் வந்துவிட்டது என்று ஓரத்தில் டிக் போட்டுக்கொண்டே பேச்சுக்குக் கேட்டாள். "வீட்டுக்காரர் நல்லா இருக்காருல்ல?"

அந்த அம்மா அவளையே பார்த்தாள். "அவரு போயிட்டாரும்மா. வீட்டுக்கு வந்த பதினோராம் நாள். தூக்கத்துலயே."

லிப்ட் ஏறியது, பேனா உருண்டு தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"நாங்க போன் பண்ணினோமே..." என்றாள் பத்தாதக்கா. அதை ஏன் சொன்னோம் என்று அந்தக் கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அது அவரோட போன். சட்டைப் பையிலேயே இருந்துச்சு. அடிச்சுது, நான் எடுக்கலை. அப்புறம் சார்ஜ் போக அதுவும் நின்னுடுச்சு." அந்த அம்மா படிவத்தை எட்டிப் பார்த்தாள். "அதுல அவரைப் பத்தி என்ன போட்டிருக்கு?"

பொய் சொல்லலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அவளுக்கு அந்தப் பழக்கமில்லை. "நலம்னு போட்டிருக்கும்மா."

அந்த அம்மா பையை நாலாய் மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

பத்தாதக்கா கதவைச் சாத்தினாள். திட்டத்தை எடுத்தாள். ஒன்பதாம் பக்கம், அவளே எழுதிய வரி: மூன்று முறை அழைத்தும் எடுக்காவிட்டால், ஆஸ்பத்திரிப் பதிவிலும் மறுபடி சேர்ந்ததாக இல்லையென்றால், நலம் என்று கொள்க. உடம்புக்கு முடியாதவர் எப்படியும் இங்கேதானே வருவார், வேறு இருதய ஆஸ்பத்திரி பக்கத்தில் ஏது என்று அன்று நினைத்திருந்தாள். அட முட்டாளே! செத்தவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். செத்தவர் போனும் எடுக்கமாட்டார். இருபத்தாறு வருட அனுபவமாம், ஊருக்கே உபதேசமாம், இது தெரியவில்லை. அவள் மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். ஒரு சாயங்காலம் மகள் இரண்டு முறை போனை எடுக்காவிட்டால், மருமகன், பக்கத்து வீடு, மாடி வீடு என்று அத்தனை பேரையும் எழுப்பிவிடுகிறவள் இவள். ஊரார் வீட்டுப் போன் எடுக்கப்படாவிட்டால் நலம் என்று எழுதிவிட்டுத் தூங்கியிருக்கிறாள்.

படிவங்களைக் கொட்டி எண்ணினாள். போனை எடுக்காமலே நலமானவர்கள் நூற்றுப் பதினெட்டு பேர். பெரும்பாலும் நடு வகுப்பும் அதற்கு மேலும். அந்த அம்மாவின் கணவருக்கு ஸ்கோர் ஆறு போட்டிருந்தது. திங்கட்கிழமை கையெழுத்தானால் அவரைப் போன்றவர்களைத்தான் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். இவ்வளவு பெரிய எண்ணைச் சண்டை போட்டு வாங்கி, அதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய தப்பை ஒளித்து வைத்திருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முன்னூறு பேர் என்று விட்டிருந்தால் யாராவது சந்தேகமாவது பட்டிருப்பார்கள். ஆயிரத்து முன்னூறு என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

முதலில் பெரிய சிஸ்டரிடம் போனாள். டாக்டருக்கு முன்னால் அவளிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. மருந்து அறையில் நின்றபடியே சொன்னாள். சிஸ்டர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"திங்கட்கிழமை இல்லையா அப்போ?"

"இல்லைடி."

"ரெண்டு வருஷம். முன்னூறு போதும்னு அவரு சொன்னப்ப நீ மாட்டேன்னு நின்ன. நானும் உன் பக்கம் நின்னேன். அந்த ரெண்டு வருஷமும் அங்க படுத்துக் கிடந்தவங்க முகத்தைப் பார்த்தது நான். நீ இல்ல. உனக்கு அவங்க நம்பர்." சிஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "போ. போய் உன் டாக்டர்கிட்ட சொல்லு."

பெரிய டாக்டர் கத்தினார். கத்தி முடித்து, தண்ணீர் குடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு வாரம் தரேன். அதுக்குள்ள அந்த நூத்துப் பதினெட்டு பேர் என்ன ஆனாங்கன்னு தெரியணும். ஆள் கிடையாது, வண்டி கிடையாது. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

வண்டி இருந்தது. அதன் தலையில் பலகையும், முன்னும் பின்னும் சிவப்பில் எல் எழுத்தும் இருந்தன.

"மேடம் ஏறுங்க" என்றார் கிளச்சு. டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. முப்பது வருடமாக அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் அவர். இப்போது அவள் உட்கார்ந்தாள். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் அந்த எல் வண்டி தெருத்தெருவாக ஊர்ந்தது. பின்னால் வருகிறவர்கள் யாரோ கற்றுக்கொள்கிறார்கள் என்று நினைத்து விலகி வழிவிட்டார்கள். முதல் நாள் முதல் வீடு வருவதற்கு முன்பே அவள் பிரேக்கை மிதித்துவிட்டாள். வண்டி நடுத்தெருவில் குலுங்கி நின்றது.

"ஏம்மா, வீடு இன்னும் நாலு வீடு தள்ளி."

"தெரியும்ங்க. கால் தானா போயிடுச்சு."

அவர் மறுபடி ஸ்டார்ட் செய்தார். இதே பிழைக்கு மாணவனாக இருந்தால் தெருவே கேட்கக் கத்தியிருப்பார்.

முதல் வீட்டில் பெயின்ட் கடைக்காரர். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். "உங்க ஆஸ்பத்திரி நம்பரைப் பார்த்தாலே வயித்தைக் கலக்குதும்மா. எடுத்தா என்ன குண்டைத் தூக்கிப் போடுவீங்களோன்னு எடுக்கலை" என்றார். அவளுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சலாம் போலிருந்தது. இன்னொரு வீட்டில் தனியாக இருந்த ஒரு பெரியம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. போன் அடித்தது அவளுக்கே தெரியாது. நலமா என்று நாலு முறை கத்திக் கேட்டார்கள். பதிலுக்கு அந்தப் பெரியம்மா கிளச்சுவை நாற்காலி மேல் ஏற்றிவிட்டு பல்பு மாற்ற வைத்தாள். நலம்தான், சந்தேகமே இல்லை.

ஐந்தாவது வீட்டில் பூட்டு. எதிர்வீட்டுக்காரர் தலையை நீட்டி, "அவரா? அவரு ஆஸ்பத்திரியில இருந்து வந்த ரெண்டாம் வாரமே தவறிட்டாரே" என்றார்.

காரில் வந்து உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்தாள். எழுதவில்லை.

"என்னம்மா?"

"அவரு சொன்னதும் மனசுக்குள்ள, அந்த அம்மா வீட்டுக்காரரோட சேர்த்து அறுபத்தி எட்டுன்னு வந்துச்சுங்க. ஸ்கோர் சொன்ன எண்ணுக்கு ஒண்ணு கிட்ட வந்துட்டோம்னு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். ஒரு மனுஷன் செத்ததுக்கு. சீன்னு இருக்கு."

கிளச்சு அவள் பக்கம் திரும்பினார். "நீ எண்ணாம விட்டா அவரு எழுந்து வந்துடுவாரா? எழுதும்மா. எழுதிட்டு அழணும்னா அழு. நான் இன்ஜினை ஆஃப் பண்றேன்."

அவள் எழுதினாள். அழவும் செய்தாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். "எல் வண்டிடா, கண்ணு தெரியலையா!" என்று கிளச்சு ஜன்னல் வழியே ஒரு சத்தம் போட்டார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை, தெரு முனையில் பெரிய சிஸ்டர் நின்றிருந்தாள். சீருடை இல்லாமல், கையில் சாப்பாட்டு டப்பா. மூன்று வாரமாகப் பேச்சில்லை. வண்டி நின்றதும் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"உன்னைப் பார்த்தா எவனும் கதவைத் திறக்க மாட்டான், கந்து வட்டிக்காரி மாதிரி மூஞ்சி. என்னைத் தெரியும் அவங்களுக்கு" என்றாள். அவ்வளவுதான் சமாதானம். பத்தாதக்கா திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயம். டப்பாவை மட்டும் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு வேலை வேறு மாதிரி நடந்தது. இவள் படிவ எண்ணைப் படிப்பாள், சிஸ்டர் ஆளைச் சொல்வாள். "எண்ணூத்திப் பதினொண்ணு." "பன்னெண்டாம் கட்டில். செருப்பைக் கழட்டாம படுப்பாரு, யாராவது திருடிடுவாங்கன்னு." "ஆயிரத்து நாப்பது." "காரிடார்ல, தண்ணிக் குழாய்ப் பக்கம். மருமக தினமும் வந்து தலை வாரி விடும்." போனவர்கள் வீட்டில் சிஸ்டர்தான் பேசினாள். வார்டில் அவர் என்ன சொன்னார், எப்படிச் சிரித்தார் என்று ஒரு சேதியாவது சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். அந்த வீட்டுக்காரர்கள் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். திரும்பி வரும் வழியில் பத்தாதக்கா, "நீ சொன்னது நிஜம்டி. எனக்கு அவங்க நம்பர்தான்" என்றாள். "உன் நம்பர் இல்லேன்னா இவங்க செத்தது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சும்மா வாடி" என்றாள் சிஸ்டர்.

ஆறாவது வாரம் கணக்கு முடிந்தது. நூற்றுப் பதினெட்டில் எண்பத்து மூன்று பேர் நலம். முப்பத்தொரு பேர் முப்பது நாளுக்குள் வீட்டிலேயே இறந்திருந்தார்கள், அல்லது வேறு எங்கேயோ சேர்க்கப்பட்டிருந்தார்கள். நாலு பேர் என்ன ஆனார்கள் என்று எவ்வளவு தேடியும் தெரியவில்லை. அந்த நாலு கட்டத்திலும் 'தெரியவில்லை' என்று எழுதினாள். அறுபத்தாறோடு முப்பத்தொன்று, தொண்ணூற்றேழு. ஸ்கோர் சொன்னது நூற்று நாலு. ஸ்கோர் பயமுறுத்தவில்லை, உள்ளதைத்தான் சொல்லியிருந்தது. நம் ஆட்கள் கெட்டி என்று நினைத்ததுதான் பொய்.

"நூறு வரலையேம்மா" என்றார் பெரிய டாக்டர், பாதிக் கேலியாக.

"நூறுங்கிறது ஆண்டவன் சொன்ன எண் இல்ல டாக்டர், நான் சொன்னது. தொண்ணூத்தி ஏழை வச்சு நான் கையெழுத்துப் போடுவேன். ஆனா மூணுக்குக் கீழே உள்ளவங்க மட்டும்தான் மூணாம் நாள். நடு வகுப்பு அஞ்சு நாள் இருக்கணும். அதுல ஒரு நாள்கூடக் குறைக்க விடமாட்டேன்."

கையெழுத்தாயிற்று. காரிடாரில் இருபத்திரண்டு பாய் பத்தானது, முழுக்கக் காலியாகவில்லை. ஒரு பக்கமாகவாவது நிமிர்ந்து நடக்க முடிகிறது என்றாள் பெரிய சிஸ்டர். அந்த மதியம் இரண்டு பேரும் மறுபடி ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள்.

ஒரு படிவம் மட்டும் மிச்சமிருந்தது. சேதி சொன்னவர் கையெழுத்து வேண்டும், பிரஷர் மெஷின் கொண்டுவந்த அந்த அம்மா அன்று போடாமலே போய்விட்டாள். தபாலில் அனுப்பலாம், ஆளை அனுப்பலாம். ஆறு வாரமாக நூற்றுப் பதினேழு கதவைத் தட்டியவளுக்கு அந்த ஒரு கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் கிளச்சுவைத் தெருவிலேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள்.

இரண்டு அறை வீடு. அந்த அம்மா ஜன்னலோரம் மெஷினில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். ஆளை உடனே அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இது ஆடாது, உட்காருங்க" என்றாள்.

பத்தாதக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தன் வரியைச் சொன்னாள், நூற்றுப் பதினெட்டைச் சொன்னாள். "நீங்க அன்னிக்கு வராம இருந்திருந்தா இன்னும் எத்தனையோ பேரை ரெண்டு நாள் முன்னாடியே வீட்டுக்கு அனுப்பியிருப்போம். உங்க வீட்டுக்காரரைத் தப்பா எழுதினது நான்தான். என்னை மன்னிச்சிடுங்கம்மா."

அந்த அம்மா கையிலிருந்த நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு, "இப்ப அவரு உங்க கணக்குல வந்துட்டாரா?" என்றாள்.

"வந்துட்டாரும்மா."

"நலம்னு போட்டிருந்ததை எடுத்துட்டீங்களா?"

"ஆமா" என்று சொல்ல வாயெடுத்தவள், அந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எடுக்காம இருந்திருக்கலாம்" என்றாள் அந்த அம்மா. "அன்னிக்கு உங்க ரூம்ல இருந்து வீடு வர்ற வரைக்கும் அதையே நினைச்சுக்கிட்டு வந்தேன். ஒரு வருஷமா யாரைப் பார்த்தாலும் போயிட்டாரா, போயிட்டாரான்னு கேட்கறாங்க. ஒரே ஒரு இடத்துலயாவது அவரு நல்லா இருந்திருக்காரு."

பத்தாதக்கா பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். அவர்கள் தொழிலில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, மேலே வெள்ளை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். பழையது எப்போதும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

"எடுக்கலைம்மா. எடுக்கக் கூடாது. ஒரு கோடு மட்டும்தான். பாருங்க, அடியில படிக்கலாம்."

அந்த அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். படிவத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கோட்டுக்கு அடியில் இருந்ததை எழுத்துக் கூட்டி மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.